ஷினோன் கோட்டையும் திராட்சைத் தோட்டங்களும்

பிரான்சு தேசத்து ஆறுகளுள் நீளத்தால் முதலிடம் பெறுவது லுவார். அதன் துணையாறுகளுள் ஒன்று வியென். இவ்விரண்டும் கூடுமிடத்துக்குச் சிறிது மேலே, வியென் ஆற்றின் வலக்கரையில், நீருக்கும் செங்குத்தான பாறைக்கும் இடையே ஒடுங்கிய கீற்றுப்போலக் கிடக்கிறது ஷினோன் என்னும் ஊர். தூர் நகரிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 45 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இவ்வூரில் இன்று வாழ்வோர் எண்ணாயிரம் பேரளவினரே. ஆயினும், இங்கிலாந்தின் பேரரசன் ஒருவன் உயிர்விட்டதும், ஒரு துறவுவீரர் சபையின் தலைவர்கள் பாவமன்னிப்புப் பெற்றதும், கிராமத்துப் பெண்ணொருத்தி தன் அரசனை முதன்முதலாகக் கண்டதும் இச்சிற்றூரின் தலைமேல் நிற்கும் கோட்டையிலேயே என்று அறியும்போது, இவ்வூரின் அளவு கண்டு அதன் பெருமையை மதிப்பிடலாகாது என்பது புலனாகும்.

தென்கரையில் நின்று பாலத்துக்கு அப்பால் நோக்குவார்க்கு இவ்வூர் மூன்று படிகளாகத் தோன்றும். அடியில் ஆறு, அதன்மேல் கருநிறக் கற்பலகை வேய்ந்த கூரைகளின் நெருக்கம், அதற்கும் மேலே, அரைக் கிலோமீற்றர் நீளத்துக்குக் கிழக்கு மேற்காக ஓடும் வெண்ணிற மதில். இம்மதிலின் வெண்மை பூச்சினால் வந்ததன்று. அந்நாட்டார் ‘தூபோ’ எனப் பெயரிட்டழைக்கும் மென்மையான சுண்ணாம்புக் கல் அங்குள்ள குன்றுகளிலேயே கிடைக்கிறது. கோட்டைக்கும் கோயிலுக்கும் வீட்டுக்கும் அக்கல்லையே அகழ்ந்தெடுத்தனர். அகழ்ந்த இடங்கள் குன்றின் வயிற்றில் நீண்ட குகைகளாக எஞ்சின. கோடையிலும் மாரியிலும் வெப்பம் பெரிதும் மாறாத அக்குகைகள் திராட்சை மதுவை வைத்து முதிரச் செய்வதற்கு மிக ஏற்றனவாயின. எனவே, கோட்டையும் மதுவும் இவ்வூரில் தற்செயலாக அடுத்தடுத்து அமைந்தன அல்ல. ஒரே குன்றின் புறமும் அகமுமாக அமைந்தன.

இப்பாறையின்மேல் 10ஆம் நூற்றாண்டில் புளுவா நாட்டுக் கோமகன் திபோ என்பவன் அரண் அமைத்தான். 1044இல் ஆஞ்சு நாட்டுக் கோமகன் ஜொப்றுவா மார்த்தேல் தூரேன் மாகாணத்தை வென்றபோது இவ்வரணும் அவன் குடும்பத்தாரிடம் சென்றது. அக்குடும்பத்தின் வழித்தோன்றலே இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி. 1156இல் தன் சொந்தத் தம்பியோடு பொருது ஷினோனைக் கைப்பற்றிய அவன், அதனைப் பெருக்கிக் கட்டித் தன் பொருட்குவையையும் அங்கு வைத்தான். இன்று காணப்படும் கோட்டை, வறண்ட அகழிகளாற் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகளையுடையது. கிழக்கிலுள்ள செயின்ட் ஜோர்ஜ் அரண் ஹென்றியின் ஆக்கம். நடுவே அரச மாளிகையிருந்த நடுக்கோட்டை. மேற்குமுனையில் கூத்ரே அரண்.

ஹென்றியின் ஆட்சி ஸ்கொத்லாந்தின் எல்லை தொடங்கிப் பிரெனீஸ் மலைவரை பரவியிருந்தது. பிரான்சு மன்னனைக் காட்டிலும் பிரெஞ்சு மண்ணை மிகுதியாக ஆண்டவன் அவனே. ஆனால் அவனுக்கு வந்த பகை வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று. தனக்கென ஆளும் உரிமை எதுவும் தரப்படாத அவன் மூத்த மகன் 1173இல் ஷினோனிலிருந்தே இரவோடிரவாகத் தப்பிப் பிரான்சு மன்னனிடம் சேர்ந்தான். மைந்தர் கிளர்ந்தனர், மனைவி எலியனோர் அவர்களோடு நின்றாள். பிடிபட்ட அரசியை ஹென்றி பல ஆண்டுகள் காவலில் வைத்தான். மூத்த மகன் 1183இல் இறந்தான். பிளவோ ஆறவில்லை.

1189ஆம் ஆண்டுக் கோடையில் முடிவு வந்தது. இப்போது மகன் ரிச்சட் பிரான்சு மன்னன் இரண்டாம் பிலிப்புடன் கூடித் தந்தைமீது படையெடுத்தான். ஹென்றி பிறந்த நகரமாகிய லெ மான் தீக்கிரையாயிற்று. பிறந்த ஊர் எரிவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவன் ஓடினான் என வரலாற்றாசிரியர் எழுதினர். யூலைத் தொடக்கத்தில் தூர் நகரும் வீழ்ந்தது. கடும்நோயுற்றுக் குதிரைமேல் நேராக இருக்கவும் மாட்டாத நிலையில், அந்நகருக்கு அருகே அவன் பகைவரைச் சந்தித்து, அவர்கள் விதித்தன அனைத்துக்கும் இசைந்தான். பின்னர் அவனைச் சுமந்து ஷினோனுக்குக் கொண்டுவந்தனர்.

தன்னைக் கைவிட்டு எதிரியோடு சேர்ந்தோரின் பெயர்ப் பட்டியலை ஹென்றி கேட்டிருந்தான். பட்டியல் ஷினோனுக்கு வந்து சேர்ந்தது. படிக்கத் தொடங்கியவுடன் முதற்பெயராக வந்தது அவன் இளைய மைந்தன் யோவானுடையது. மைந்தருள் யார்மீது அவன் மிகுந்த அன்பு வைத்தானோ, யாருக்கு நிலம் தேடித் தருவதற்காகவே மற்றையோரைப் பகைத்தானோ, அந்த மைந்தன். அதன் பின்னர் மன்னன் எஞ்சிய பெயர்களைக் கேட்க விரும்பவில்லை. சுவரை நோக்கித் திரும்பிப் படுத்தான் என்பர். யூலை 6ஆந் திகதி அவன் உயிர் பிரிந்தது. முறைப்படி மணந்த மனைவிக்குப் பிறந்த மைந்தர் எவரும் அருகில் இல்லை. முறைவழிப் பிறவாத மகனாகிய ஜொப்றுவா ஒருவனே உடனிருந்தான். ஏவலாளர் இறந்தவன் உடுத்தியிருந்ததையும் கவர்ந்து சென்றனர் என்றும், உடலை மூடுவதற்கு ஒரு வீரன் தன் மேலாடையைக் கொடுத்தான் என்றும் அக்காலத்து நூலொன்று கூறும்.

அருகிலிருந்த போந்தெவ்ரோ மடத்தில் அவனை அடக்கஞ்செய்தனர். தந்தையின் உடலைக் காண ரிச்சட் வந்தபோது அதன் மூக்கிலிருந்து குருதி பெருகிற்று என்ற கதையும் உண்டு. கொன்றவன் நெருங்கினாற் பிணம் குருதி சொரியும் என்பது அக்கால நம்பிக்கை. கதை கட்டியவரின் கருத்து யாதென்பதை விளக்க வேண்டியதில்லை. பத்தாண்டு கழித்து ரிச்சட்டும், அதன்பின் 1204இல் எலியனோரும் அதே மடத்தில் துயில் கொண்டனர். உயிரோடிருக்கையில் ஒரு கூரையின்கீழ் அமைதியாக இருக்க மாட்டாத குடும்பத்தின் கற்சிலைகள் இன்று அங்கு அருகருகே படுத்திருக்கின்றன. யோவான் அரசனானபின் நெடுநாள் முற்றுகைக்குப்பின் 1205இல் ஷினோன் பிலிப்பின் வசமாயிற்று. கூத்ரே அரணிலுள்ள பெரிய வட்டக் கோபுரம் அம்மன்னன் எழுப்பியது.

அடுத்த நூற்றாண்டில் அக்கோபுரத்தின் பெயர் மற்றொரு துன்பக் கதையோடு இணைந்தது. சிலுவைப் போர்களின் பொருட்டுத் தோன்றிய தெம்பிளார் எனப்படும் துறவுவீரர் சபை, காலப்போக்கிற் பெருஞ் செல்வமும் நிலமும் உடையதாயிற்று. 1307ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆந் திகதி விடியற்பொழுதில், நான்காம் பிலிப்பு மன்னனின் ஆணைப்படி பிரான்சிலிருந்த தெம்பிளார் ஒரேவேளையிற் சிறைபிடிக்கப்பட்டனர். கிறிஸ்துவை மறுத்தனர், சிலுவைமீது உமிழ்ந்தனர் என்பன போன்ற குற்றங்கள் சாட்டப்பட்டன. சித்திரவதையின்கீழ்ப் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மன்னனுக்கு இருந்த கடன்சுமையை அறிந்தோர்க்கு அவன் பத்தியின் உண்மை ஐயத்துக்குரியதாகவே தோன்றும்.

பாப்பரசர் ஐந்தாம் கிளெமென்ட் கைதிகளைத் தாமே விசாரிக்க விரும்பினார். 1308இல் அவர் புவாத்தியே நகரிலிருந்தபோது எழுபதுக்கு மேற்பட்ட தெம்பிளார் அவர்முன் அனுப்பப்பட்டனர். ஆனால் சபையின் மாத்தலைவன் ஜாக் த மொலேயும் வேறு நான்கு தலைவர்களும் வழியில் ஷினோனில் நிறுத்தப்பட்டனர். நோயினால் அவர்கள் மேற்செல்ல இயலவில்லை எனக் காரணம் சொல்லப்பட்டது. எனவே பாப்பரசர் மூன்று கர்தினால்மாரை ஷினோனுக்கு அனுப்பினார். ஓகஸ்ட் 17 முதல் 20 வரை விசாரணை நடந்தது. தலைவர்கள் தம் தவறுகளைக் கூறி முழந்தாளிட்டு மன்னிப்பு வேண்ட, கர்தினால்மார் அவர்களுக்குப் பாவமன்னிப்பு அளித்து, திருச்சபையின் அருட்சாதனங்களுக்கு மீண்டும் உரியவராக்கினர்.

இதனை எழுதிய தோல்சாசனத்தின் ஒரு பிரதி வத்திக்கான் ஆவணச்சாலையிற் கிடந்தது. 2001இல் பார்பரா பிராலே என்னும் இத்தாலிய ஆய்வாளர் அதனை அடையாளங்கண்டபோது, ஏழு நூற்றாண்டு மறைந்திருந்த இரகசியம் வெளிப்பட்டதாகப் பத்திரிகைகள் ஆரவாரித்தன. உண்மையில், பாவமன்னிப்பு அளிக்கப்பட்ட செய்தி, கர்தினால்மார் மன்னனுக்கு எழுதிய கடிதத்தின் வாயிலாக அறிஞருக்கு முன்னரே தெரிந்திருந்தது. புதிதாகக் கிடைத்தது விசாரணையின் முழு வடிவம். அம்முழு வடிவமும் சிறிய பேறன்று.

மன்னிப்பு அவர்களைக் காக்கவில்லை. 1312இல் சபை கலைக்கப்பட்டது. 1314இல் தம் வாக்குமூலத்தை மறுத்துச் சபை குற்றமற்றது என்று பாரிஸ் நகரில் உரத்துக் கூறிய மொலேயும் ஜொப்றுவா த ஷார்னேயும் அன்றைய தினமே தீயில் இடப்பட்டனர். கூத்ரே கோபுரத்தின் உட்சுவரில் சிலுவையும் உருவங்களுமாகக் கல்லிற் கீறப்பட்ட கோடுகள் உள. அவற்றைக் கீறியவர் சிறையிலிருந்த தெம்பிளாரே என்று வழிவழியாகக் கூறுவர். யார் கை கீறியதாயினும், பொழுது கழியாத ஒருவரின் கை என்பதில் ஐயமில்லை.

நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அதே கூத்ரே கோபுரத்தில் வேறொரு விருந்தினர் தங்கினார். அப்போது பிரான்சு ஏறக்குறைய அழிந்தநிலை. 1420இல் செய்யப்பட்ட திரோவா உடன்படிக்கை இளவரசன் சார்ள்சை அரசுரிமையினின்று நீக்கியிருந்தது. பாரிஸ் ஆங்கிலேயர் பக்கம். 1428 ஒக்டோபர் முதல் ஒர்லெயான் நகரும் முற்றுகையில். முடிசூடாத சார்ள்ஸ் ஷினோனிற் கொலுவீற்றிருந்தான். கையிற் பணமில்லை, நெஞ்சில் உறுதியுமில்லை.

1429ஆம் ஆண்டு மாரியின் இறுதியில் நாட்டின் கிழக்கெல்லையிலிருந்து ஆறு துணைவருடன், ஆணுடை தரித்து, பகைவர் நிலத்தினூடே பதினொரு நாள் குதிரையேறி வந்தாள் ஜோன் ஒவ் ஆர்க். பதினேழு வயதினள், எழுத்தறியாதவள். அவளை மன்னன் காண்பதா வேண்டாவா என்று ஆலோசனை சபை இருநாள் தயங்கிற்று. இறுதியில் ஒரு மாலைப்பொழுதில் அவள் மேலே அழைக்கப்பட்டாள். நடுக்கோட்டையின் வாயிலாக நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தில் 1399இல் வார்க்கப்பட்ட மணி அன்றே தொங்கிற்று. ‘மரி ஜாவேல்’ எனப் பெண்ணின் பெயர் பூண்ட அம்மணி இன்றும் ஒலிக்கிறது.

பெருமண்டபத்தில் முந்நூறு வீரருக்கு மேலிருந்தனர், ஐம்பது தீவர்த்திகள் எரிந்தன என ஜோனே பின்னர்க் கூறினாள். மன்னன் தன் உடையை வேறொருவனுக்கு அணிவித்து அரியணையிலிருத்தி, தான் கூட்டத்தில் மறைந்து நின்றான் என்றும், அவள் ஏமாறாது நேரே அவன்முன் சென்று பணிந்தாள் என்றும் நாடகங்களும் திரைப்படங்களும் காட்டும். சாட்சியங்களை நோக்குமிடத்து இக்கதை சற்றுச் சுருங்குகிறது. அவள் இறந்து கால் நூற்றாண்டின்பின் நடந்த மறுவிசாரணையில், மன்னன் பிறருக்குப் பின்னே ஒதுங்கி நின்றதாகவும் அவள் அவனை இனங்கண்டதாகவும் அரச அலுவலர் ஒருவர் கூறினார். அன்று மண்டபத்திலிருந்த கோக்கூர் என்னும் பிரபுவோ, ஏழை இடைச்சிறுமிபோல மிகப் பணிவுடன் அவள் மன்னன்முன் வந்ததையே நினைவுகூர்ந்தார். உடைமாற்றமும் போலி அரசனும் பிற்காலத்தார் சேர்த்தவை.

அவ்வளவுக்கும் மேலாக வியப்புத் தருவது, அதன்பின் நடந்த தனிப்பேச்சு. மன்னனை ஒரு புறமாக அழைத்து அவள் ஏதோ கூறினாள். கேட்ட மன்னனின் முகம் மலர்ந்ததை யாவரும் கண்டனர். கூறியது யாது? ருவான் நகரில் அவளைச் சிறையிட்டு விசாரித்த நீதிபதிகள் இதனையே மீண்டும் மீண்டும் கேட்டனர். பலநாள் மறுத்தபின், தேவதூதன் ஒருவன் பொன்முடி கொணர்ந்தான் என ஒரு கதை சொன்னாள். மன்னனின் இரகசியத்தைக் காப்பதற்காகவே அவள் அவ்வாறு உருவகமாகப் பேசினாள் எனப் பலர் கருதுவர். இரகசியம் அவளோடு சென்றது.

ஷினோனிலிருந்து அவளைப் புவாத்தியே நகருக்கு அனுப்பி இறைநூல் வல்லாரைக்கொண்டு சோதித்தனர். மே 8ஆந் திகதி ஒர்லெயானின் முற்றுகை நீங்கிற்று. யூலை 17ஆந் திகதி ரேம்ஸ் பேராலயத்தில் சார்ள்ஸ் முடிசூடினான். அடுத்த ஆண்டு மே மாதம் அவள் பிடிபட்டாள். 1431 மே 30ஆந் திகதி ருவானில் எரிக்கப்பட்டாள். ஷினோனில் அவளை வரவேற்ற மன்னன் அவளை மீட்பதற்காகப் பொருளோ படையோ பெரிதாக ஒன்றும் அனுப்பியதாகத் தெரியவில்லை.

அச்சந்திப்பு நிகழ்ந்த மண்டபம் இன்றில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனைப் பிரித்தனர். மேல்மாடியின் ஒரு சுவர் மாத்திரம் நிற்க, அதிற் பெரிய கணப்படுப்பு ஒன்று, கீழே தளமுமின்றி மேலே கூரையுமின்றி அந்தரத்தில் இருக்கிறது. ஷினோன் சென்றோர் மிக நெடுநேரம் நின்று நோக்கும் இடம் அதுவே.

மன்னர்கள் லுவார்க் கரையிலும் பின்னர்ப் பாரிசைச் சூழவும் புதிய மாளிகைகளை நாடியதால் ஷினோன் தேய்ந்தது. 1498 டிசம்பரில், பன்னிரண்டாம் லூயிக்கு மணமுறிவு அனுமதியைப் பாப்பரசரிடமிருந்து கொண்டுவந்த செசாரே போர்ஜா, பொன்னும் மணியும் பூட்டிய பரிவாரத்துடன் இங்கு நுழைந்ததே கோட்டை கண்ட கடைசிப் பெருங்காட்சி எனலாம். 17ஆம் நூற்றாண்டில் அது கர்தினால் ரிஷலியூவின் குடும்பத்துக்கு உரியதாகி, பேணுவாரின்றிச் சிதைந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், இடிந்து வீழும் சுவர்களால் ஊருக்கு ஆபத்து என அஞ்சி அனைத்தையும் தகர்க்கவும் எண்ணினர். எழுத்தாளரும் வரலாற்றுச் சின்னங்களின் மேற்பார்வையாளருமாகிய புரொஸ்பேர் மெரிமே தலையிட்டுக் காத்தார். 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரச மாளிகைக்கு மீண்டும் கூரை வேய்ந்து பெரும் புதுப்பிப்பு நடந்தது. 2010இல் அப்பணி நிறைவெய்திற்று.

கோட்டையினின்று கீழிறங்கினால், மரச்சட்டங்களுக்கிடையே செங்கல்லும் சாந்தும் நிரப்பிய பழைய வீடுகள் தலைசாய்த்து நிற்கும் குறுந்தெருக்கள். கிரான் கரோவா என்னும் நாற்சந்தியில், ஜோன் குதிரையிலிருந்து இறங்குகையிற் கால்வைத்த கிணற்றுக் கட்டு எனப் பழைய கிணறொன்றைக் காட்டுவர். காயமுற்ற ரிச்சட் மன்னன் உயிர்விட்ட வீடு என இன்னொன்றைக் காட்டுவர். அவன் இறந்ததோ வெகு தெற்கே ஷாலூ என்னும் ஊரில். இவற்றை நம்பவேண்டியதில்லை, கோபிக்கவும் வேண்டியதில்லை. மெய்யான புதையல் வேறிடத்தில் இருந்தது. ஊரின் கிழக்கே பாறையைக் குடைந்து அமைத்த புனித ரடகுண்டா கோயிலில், 1964இல், பூச்சுக்கு அடியிலிருந்து சுவரோவியம் ஒன்று வெளிப்பட்டது. குதிரையூர்ந்து செல்லும் ஐவர். அவர்களிடையே முடி தரித்த உருவமும் உண்டு. ஹென்றியின் குடும்பத்தவரே அவர்கள் எனப் பலர் கொள்வர். சிறைக்குச் செல்லும் எலியனோரா, வேட்டைக்குச் செல்லும் இளவரசரா என்பதில் மாத்திரம் அறிஞர் இன்னும் உடன்படவில்லை.

கோட்டையைச் சூழ்ந்த நிலம் முழுவதும் திராட்சை. ஷினோனின் பெயர் பெற்ற மதுவிற் பெரும்பகுதி செந்நிறமானது. ‘கபெர்னே பிரான்’ என்னும் கருந்திராட்சையிலிருந்து வடிப்பது. ஆற்றோரத்துப் பரல்மண்ணில் விளைந்தது இளமையிலேயே அருந்தத் தக்கது. சுண்ணாம்புச் சரிவில் விளைந்தது பல்லாண்டு முதிர்ந்தபின் சுவை காட்டுவது. இத்திராட்சையை அவ்வூரார் ‘பிரெத்தோன்’ என்பர். ரிஷலியூவின் காரியக்காரராயிருந்த பிரெத்தோன் என்னும் குருவானவர் கொடியைக் கொணர்ந்து நட்டமையால் அப்பெயர் வந்தது என்பது ஒரு கதை. ஆனால் ரிஷலியூவுக்கு நூறாண்டு முன்னரே, 1534இல் வெளிவந்த ‘கர்கந்துவா’ என்னும் நூலில், பிரெத்தோன் மது பிரித்தானி நாட்டிலன்றி ஷினோனை அடுத்த வெரோன் நிலத்தில் விளைவது என்று எழுதப்பட்டிருக்கிறது. எனவே குருவானவர் கதை நிற்காது. பிரித்தானியின் துறைமுகமாகிய நாந்த் வழியாகக் கொடி வந்தமையால் அப்பெயர் பெற்றது என்பதே பொருத்தமாகும்.

அந்நூலை எழுதிய பிரான்சுவா ரபலே இவ்வூருக்கு அண்மையிலுள்ள லா தெவினியேர் என்னும் பண்ணைவீட்டிற் பிறந்தவர் என்பது மரபு. துறவியாகவும் மருத்துவராகவும் வாழ்ந்த அவர், அரக்கர்களை வைத்து எழுதிய நகைச்சுவைப் பெருங்கதையில் ஒரு போர் வரும். திராட்சை கனியும் காலத்தில் பறவைகளை ஓட்டிக் காவலிருந்த இடையர்க்கு அப்பம் விற்க மறுத்தனர் லெர்னே ஊர் அப்பக்காரர். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, ஈற்றில் இரு அரசர் படையெடுக்கும் பெரும்போராக முடிந்தது. அப்போரில் வரும் கோட்டைகளும் ஓடைகளும் பாலங்களும் லா தெவினியேரைச் சூழ அரைநாள் நடையில் இன்றும் காணக்கூடியவை. வழக்குரைஞராயிருந்த அவர் தந்தை அயலவரோடு லுவார் ஆற்றைப்பற்றி நடத்திய உண்மை வழக்கே இப்போருக்கு வித்து என அறிஞர் கருதுவர். அரசர்கள் அப்பத்துக்காகப் போரிட்டதாக எழுதியவர், தலைக்குமேல் ஷினோன் கோட்டை நிற்க வளர்ந்தவர் என்பதை மறத்தலாகாது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்சரா என்னும் சிறு பூச்சி வேர்களைத் தின்று பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. ஷினோனும் தப்பவில்லை. பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேர்க்கட்டையில் பழைய கொடியை ஒட்டி நட்டே தோட்டங்களை மீட்டனர். ஆதலின் இன்று இங்கு வடிக்கும் மதுவின் கொடி பிரெஞ்சு. வேரோ பெரும்பாலும் அமெரிக்கா. 1937இல், ஷினோன் என்னும் பெயரை இன்ன நிலத்தில் இன்ன திராட்சையால் ஆக்கிய மதுவுக்கே இடலாம் என அரசாங்கம் வரையறுத்தது. அப்பெயருக்குரிய தோட்டங்கள் இன்று இரண்டாயிரம் ஹெக்ரேயருக்கு மேற்பட்டவை.

கோட்டையின் அடியில், பாறைக்குள், ‘ஓவியக் குகை’ எனப்படும் பழைய கல்லகழ்வு உண்டு. ரபலேயின் பெயரால் வழங்கும் ஐந்தாம் நூல் அதனைக் குறிப்பிடுகிறது. 1960களில் தோன்றிய மதுவாணர் சபை ஒன்று அவர் பெயரைப் பூண்டு, அக்குகையிலேயே கூடி, செந்நிற அங்கி தரித்துப் புதிய உறுப்பினரைச் சேர்த்துக்கொள்கிறது. ஹென்றியின் பொருட்குவை இருந்த பாறையின் கீழே, இக்காலத்தில் பூட்டி வைக்கப்படுவன பீப்பாய்கள்.